முழங்கால் மாற்றுக்கு முன் ஒரு தாள், ஓராண்டு கழித்து ஒரு தாள்

மூட்டு மாற்று அறுவை சிகிச்சை நடக்கும் மருத்துவமனையில் நீங்கள் புதிதாகச் சேர்ந்திருக்கிறீர்கள். பிசியோதெரபிஸ்டாக இருக்கலாம், பயிற்சி மருத்துவராக இருக்கலாம், தர மேம்பாட்டுப் பிரிவில் இருக்கலாம். துறைத் தலைவர் ஒருநாள், "அடுத்த மாசத்துல இருந்து ப்ராம்ஸ் எடுக்கணும், நீங்க பாத்துக்குங்க" என்று சொல்லிவிட்டு ஓ.பி.க்குப் போய்விடுகிறார். உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். முழங்கால் மூட்டு மாற்றையே உதாரணமாக எடுத்துக்கொள்கிறேன். இடுப்புக்கும் தோளுக்கும் முதுகுக்கும் வழி இதேதான். கேள்வித்தாள் மட்டும் மாறும்.

ப்ராம்ஸ் (PROMs, Patient-Reported Outcome Measures) என்றால் என்ன? நோயாளி தன் உடல்நிலையைப் பற்றித் தானே சொல்வதை, எல்லோரிடமும் ஒரே மாதிரிக் கேள்விகளால் கேட்டு வாங்கி, எண்ணாக மாற்றும் அளவுகோல். வலி எவ்வளவு, படி இறங்க முடிகிறதா, ராத்திரி தூக்கம் கெடுகிறதா என்பதெல்லாம் அதில் வரும். எக்ஸ்ரேவில் இவை தெரியாது. முழங்கால் எத்தனை டிகிரி மடங்குகிறது என்று அளந்தாலும் தெரியாது. 120 டிகிரி மடங்கும் முழங்காலோடு வீட்டில் முடங்கிக் கிடப்பவரையும் பார்த்திருக்கிறேன், 95 டிகிரியோடு தினமும் சந்தைக்குப் போய் வருபவரையும் பார்த்திருக்கிறேன்.

இந்த யோசனை புதியது இல்லை. அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் எர்னஸ்ட் அமோரி காட்மன் என்ற அறுவை மருத்துவர் இருந்தார். சிகிச்சை பெற்ற ஒவ்வொருவருக்கும் ஒரு அட்டை போட்டு, அவர் பிறகு எப்படி இருக்கிறார் என்று காலம் கழித்து விசாரித்து எழுத வேண்டும், தவறு நடந்திருந்தால் ஏன் என்றும் எழுத வேண்டும் என்று அவர் வாதாடினார். பெரிய மருத்துவமனை அதை ஏற்கவில்லை. 1911இல் சொந்தமாகச் சிறிய மருத்துவமனை தொடங்கி, 1916 வரை அங்கிருந்து வீட்டுக்குப் போன 337 பேரின் முடிவுகளையும், தானே கண்டுபிடித்த 123 தவறுகளையும் அச்சிட்டு வெளியிட்டார். நூறு ஆண்டு கழித்து நாம் செய்யப் போவதும் அடிப்படையில் அதுதான். ஒரு வித்தியாசம் உண்டு: முடிவு எப்படி என்று சொல்பவர் இப்போது நோயாளி.

இப்போதெல்லாம் 'மதிப்பு சார்ந்த சிகிச்சை' என்று பேசுகிறார்களே, அந்த 'மதிப்பு' என்ற சொல் இதில் எங்கே வருகிறது? ஹார்வர்டைச் சேர்ந்த மைக்கேல் போர்ட்டர் அதை ஒரு வகுத்தலாகச் சொன்னார்: நோயாளிக்குக் கிடைத்த நல்ல விளைவை, அதற்கு ஆன செலவால் வகு. நம் நாட்டில் இந்த வகுத்தலின் கீழ்ப்பகுதியைப் பற்றி எல்லோரும் பேசுகிறோம். 2017 ஆகஸ்டில் மத்திய அரசின் மருந்து விலை ஆணையம் முழங்கால் இம்பிளான்ட்டுக்கு (உள்ளே பொருத்தும் செயற்கை மூட்டு) விலை உச்சவரம்பு விதித்து, சாதாரண கோபால்ட்-குரோமியம் வகைக்கு வரி நீங்கலாக 54,720 ரூபாய் என்று நிர்ணயித்தது. அது பல குடும்பங்களுக்குப் பெரிய ஆறுதல். ஆனால் மேல்பகுதி, அதாவது அறுவை செய்துகொண்ட அம்மாவால் இப்போது படி இறங்க முடிகிறதா என்பது, பெரும்பாலான மருத்துவமனைகளில் எழுதப்படாமலே போகிறது. மேலே எண் இல்லாவிட்டால் வகுத்தலே இல்லை.

முதலில்: எதற்காக எடுக்கிறோம்?

இதை ஒரே வரியில் தாளில் எழுதித் துறைத் தலைவரிடம் காட்டி ஒப்புதல் வாங்கிவிடுங்கள். காரணங்கள் பல இருக்கலாம்: ஒவ்வொரு நோயாளியையும் கவனிக்க, துறை எப்படிச் செயல்படுகிறது என்று பார்க்க, இரண்டு சிகிச்சை முறைகளை ஒப்பிட. எது என்பதைப் பொறுத்துக் கேள்வித்தாளும் கணக்கும் மாறும். "சும்மா எடுத்து வைப்போம், பின்னால் பயன்படும்" என்று தொடங்கிய எந்தப் பதிவேடும் இரண்டு வருடம் தாண்டி நான் பார்த்ததில்லை.

கேள்வித்தாளைத் தேர்ந்தெடுப்பது

இரண்டு தாள் போதும்: மூட்டுக்கென்று ஒன்று, மொத்த உடல்நலத்துக்கென்று ஒன்று.

மூட்டுக்கான தாள்களில் அதிகம் பழக்கத்தில் இருப்பது ஆக்ஸ்போர்டு முழங்கால் மதிப்பெண். 1998இல் வந்தது, இடுப்புக்கான தாள் அதற்கு இரண்டு ஆண்டு முந்தியது. 12 கேள்விகள், எல்லாம் கடந்த நான்கு வாரத்தைப் பற்றியவை. ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4 வரை. மொத்தம் 48 வந்தால் எந்தத் தொல்லையும் இல்லை, 0 வந்தால் மிக மோசம். ஒரு எச்சரிக்கை: தொடக்கத்தில் இந்தத் தாளின் கணக்கு 12 முதல் 60 வரை, அதுவும் தலைகீழாக, குறைந்தால் நல்லது என்று இருந்தது. 2007க்குப் பிறகுதான் 0 முதல் 48 என்ற முறை பரவியது. பழைய ஆய்வுக் கட்டுரையில் "சராசரி 42" என்று பார்த்தால் எந்த முறை என்று பார்த்த பிறகே மகிழுங்கள்.

இன்னொன்று கூஸ் (KOOS). 42 கேள்விகள், ஐந்து பகுதிகள்: வலி, மற்ற அறிகுறிகள், அன்றாட வேலை, விளையாட்டும் பொழுதுபோக்கும், வாழ்க்கைத் தரம். விவரம் அதிகம் கிடைக்கும், ஆனால் 68 வயதுப் பாட்டியிடம் 42 கேள்வி கேட்பது லேசான காரியம் இல்லை. அதற்காகவே ஏழு கேள்விகள் மட்டும் கொண்ட கூஸ் ஜூனியர் 2016இல் வந்தது. அமெரிக்காவில் முக்கியமாக முதியவர்களுக்கான அரசு மருத்துவக் காப்பீடான மெடிகேர் திட்டம், 2024 ஜூலை முதல் நடக்கும் முழங்கால், இடுப்பு மாற்று சிகிச்சைகளுக்கு மருத்துவமனைகள் ப்ராம்ஸ் கொடுத்தே ஆக வேண்டும் என்று விதித்தபோது முழங்காலுக்கு எடுத்துக்கொண்டது அந்தச் சிறிய தாளைத்தான்.

மொத்த உடல்நலத்துக்கு ஈக்யூ-5டி (EQ-5D). நடமாட்டம், தன்னைத் தானே கவனித்துக்கொள்வது, வழக்கமான வேலைகள், வலி, மனக்கவலை என்று ஐந்தே கேள்விகள், கூடவே 0 முதல் 100 வரை ஒரு அளவுகோடு. தமிழ் வடிவம் உண்டு. சண்டிகரில் உள்ள முதுநிலை மருத்துவக் கல்வி நிறுவனத்தின் குழு, இந்திய மக்களிடம் கேட்டே உருவாக்கிய மதிப்பு அட்டவணையை 2022இல் வெளியிட்டது. அதனால் பதில்களை ஒற்றை எண்ணாக மாற்ற இங்கிலாந்து அட்டவணையைக் கடன் வாங்க வேண்டியதில்லை. செலவுக் கணக்குக்குப் போகும்போது இந்தத் தாள்தான் கைகொடுக்கும், அதனால் விட்டுவிடாதீர்கள்.

புதியவர்கள் செய்யும் பெரிய தவறு, ஆசைப்பட்டு நான்கைந்து தாள்களைச் சேர்ப்பது. மூன்றாவது தாளில் பாட்டி எல்லாவற்றுக்கும் நடுவில் உள்ள கட்டத்திலேயே டிக் போடத் தொடங்கிவிடுவார். பிறகு உங்களிடம் தாள் இருக்கும், தகவல் இருக்காது.

தாளை இணையத்திலிருந்து எடுத்துத் தமிழில் நீங்களே பெயர்த்துவிடலாம் என்று தோன்றும். வேண்டாம். ஆக்ஸ்போர்டு தாள்களுக்கு உரிமம் வாங்க வேண்டும், ஈக்யூ-5டிக்குப் பதிவு செய்ய வேண்டும். அங்கீகரித்த தமிழ் வடிவம் இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். இல்லையென்றால் முறை இது: இருவர் தனித்தனியாகத் தமிழாக்க வேண்டும், இரண்டையும் ஒன்றாக்க வேண்டும், மூலத்தைப் பார்க்காத ஒருவர் அதைத் திரும்ப ஆங்கிலத்துக்குக் கொண்டுபோக வேண்டும், கடைசியில் சில நோயாளிகளிடம் கொடுத்து "இந்தக் கேள்வி உங்களுக்கு என்ன புரியுது?" என்று கேட்க வேண்டும். கடைசிப் படியைத்தான் எல்லோரும் தாண்டிவிடுகிறார்கள். "மிதமான வலி" என்று எழுதினால் ஊர்ப்புறத்தில் பாதிப் பேருக்குப் புரியாது. "ஓரளவு வலி" என்றால் புரியும். இதை அலுவலக அறையில் உட்கார்ந்து கண்டுபிடிக்க முடியாது.

அறுவைக்கு முந்தைய தாள்

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பகுதியைத்தான் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள்.

ஓராண்டு கழித்து ஒரு நோயாளிக்கு 35 மதிப்பெண் வருகிறது. நல்லதா? முன்னால் 12 இருந்திருந்தால் அவர் வாழ்க்கையே மாறிவிட்டது என்று அர்த்தம். முன்னால் 33 இருந்திருந்தால் இவ்வளவு பெரிய அறுவை சிகிச்சையின் வலியையும் செலவையும் அவர் ஏறக்குறைய வீணாகத் தாங்கியிருக்கிறார். முந்தைய தாள் இல்லாவிட்டால் இந்த இரண்டையும் பிரித்துச் சொல்லவே முடியாது. பிந்தைய தாள் தவறினால் போன் செய்து வாங்கலாம். முந்தைய தாள் தவறினால் போனதுதான். "அப்போ எப்படி இருந்தீங்கன்னு இப்ப சொல்லுங்க" என்று ஓராண்டு கழித்துக் கேட்பது அதற்கு ஈடாகாது. நினைவு எல்லோருக்கும் பழைய வலியைக் கூட்டியோ குறைத்தோதான் காட்டும்.

எப்போது வாங்குவது? அறுவை சிகிச்சைக்கு முந்தைய 90 நாட்களுக்குள். மயக்க மருந்துப் பரிசோதனைக்கு வரும் நாள் சரியான நாள்: நோயாளி எப்படியும் காத்திருப்பார், நாற்காலி இருக்கும், நேரம் இருக்கும். அறுவை சிகிச்சை நாள் காலையில் கையில் சலைன் ஏறிக்கொண்டிருக்கும்போது கேட்காதீர்கள். பயத்தில் இருப்பவர் தருவது பயத்தின் மதிப்பெண்.

யார் கேட்பது? அறுவை செய்யப் போகும் மருத்துவர் கேட்கக் கூடாது. அவர் அறையில்கூட இருக்கக் கூடாது. நம் மக்கள் மருத்துவரை முகத்துக்கு நேரே வருத்தப்படுத்த மாட்டார்கள். ஓராண்டு கழித்து டாக்டர் முன்னால் நின்று "இன்னும் வலிக்குது" என்று சொல்ல எத்தனை பேருக்கு மனம் வரும்? "உங்க புண்ணியத்துல நல்லா இருக்கேன் சார்" என்று கும்பிட்டுவிட்டு, வெளியே வந்து பிசியோதெரபி அறையில் உட்கார்ந்து அழுத ஒரு அம்மாவை நான் மறக்கவே மாட்டேன்.

அப்புறம், குடும்பம். தாளைக் கொடுத்தால் மகன் வாங்கிக்கொள்வார். அன்பால்தான். "அம்மாவுக்குக் கண்ணு சரியாத் தெரியாதுங்க, நானே போட்டுத் தர்றேன்" என்பார். அவர் அம்மா நடப்பதைப் பார்த்திருக்கிறார், வலியைப் பார்த்ததில்லை. ராத்திரி இரண்டு மணிக்கு அம்மா எழுந்து உட்கார்ந்திருப்பது அவருக்குத் தெரியாது. பணிவாகச் சொல்லுங்கள்: "தம்பி, நீங்க பக்கத்துலயே இருங்க. ஆனா பதில் அம்மா சொல்லட்டும்." படிக்க முடியாதவருக்கு நீங்களே வாசித்துக் காட்டலாம், ஆனால் தாளில் இருப்பதை இருப்பது போலவே. விளக்கம் கேட்டால் கேள்வியையே திரும்ப வாசியுங்கள். "அதாவதும்மா, மாடி ஏற முடியுதான்னு கேக்குறாங்க" என்று நீங்கள் சுருக்கிச் சொன்ன அந்த நொடியில் கேள்வி மாறிவிட்டது, ஏனென்றால் தாள் கேட்டது இறங்குவதைப் பற்றி. வாசித்துக் காட்டி வாங்கியிருந்தால் தாளின் மேல் மூலையில் அதைக் குறித்துக்கொள்ளுங்கள். ஓராண்டு கழித்தும் அவரிடம் அதே முறையில்தான் வாங்க வேண்டும்.

எந்தக் கால் என்பதையும் எழுதுங்கள். சிரிக்காதீர்கள், இதனால் ஒரு வருட உழைப்பு வீணானதை நேரில் பார்த்தேன். நான் முன்பு வேலை பார்த்த ஓரிடத்தில் தாளில் வலது, இடது என்ற கட்டமே இல்லை. நம் நோயாளிகளில் பலருக்கு இரண்டு முழங்காலும் தேய்ந்திருக்கும். ஒன்றை மாற்றி ஏழெட்டு மாதத்தில் மற்றதையும் மாற்றுவார்கள். ஓராண்டுத் தாள் வந்தபோது அவர் எந்தக் காலைப் பற்றிச் சொல்கிறார் என்று தெரியாமல், நூற்றுக்கும் மேற்பட்ட தாள்களைக் கட்டி ஓரமாக வைத்தோம். அதே போல முதுகுவலி உண்டா, மற்ற மூட்டில் வலி உண்டா, சர்க்கரை நோய் உண்டா, வயது, பாலினம், எடை, உயரம் ஆகியவற்றையும் இன்றே எழுதிவிடுங்கள். பின்னால் ஒப்பிடும்போது இவை வேண்டும்.

தரையில் உட்காரும் ஊரில்

ஆக்ஸ்போர்டு தாளில் முட்டிபோட்டு எழ முடிகிறதா என்று ஒரு கேள்வி உண்டு. அறுவைக்குப் பிறகு பலருக்கு இதில் மட்டும் மதிப்பெண் குறைவாக நிற்கும். இங்கிலாந்திலும் அப்படித்தான். சிலருக்கு உண்மையிலேயே முடியாது. சிலருக்கு முடியும், ஆனால் இம்பிளான்ட் கெட்டுவிடும் என்ற பயத்தில் முயன்றே பார்த்திருக்க மாட்டார்கள். சிலரை மருத்துவரே "முட்டி போடாதீங்க" என்று சொல்லி அனுப்பியிருப்பார். மூன்றுக்கும் ஒரே 0. இதைப் படிக்கத் தெரிந்திருக்க வேண்டும்.

நம் ஊர் வாழ்க்கையில் இன்னும் சில உண்டு: சம்மணம் போட்டு உட்காருவது, இந்திய பாணிக் கழிப்பறை, உயரமான படி உள்ள பஸ்ஸில் ஏறுவது. ஆக்ஸ்போர்டு தாளில் தரையில் உட்காருவது பற்றிக் கேள்வி இல்லை. கல்யாண வீட்டுப் பந்தியில் நாற்காலி தேடுவது சின்ன விஷயம் இல்லை, அதனால் இவற்றைக் கேட்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. ஆனால் தனித்தாளில் கேளுங்கள், 48 மதிப்பெண்ணோடு கூட்டாதீர்கள். கூட்டிவிட்டால் உங்கள் எண்ணை உலகத்தில் வேறு எந்த எண்ணோடும் ஒப்பிட முடியாது.

பிந்தைய தாள்

இங்கிலாந்தின் தேசிய சுகாதார சேவை 2009 ஏப்ரலில் தொடங்கிய திட்டத்தில் ஆறு மாதத்தில் ஒருமுறை கேட்கிறார்கள். அமெரிக்க மெடிகேர் 300 முதல் 425 நாட்களுக்குள் கேட்கச் சொல்கிறது. முழங்கால் முழுதாகத் தேறுவதற்கு ஓராண்டு ஆகும் என்பதால் எனக்கு ஓராண்டுதான் சரியாகப் படுகிறது. ஆள்பலம் இருந்தால் ஆறு மாதத்திலும் ஒன்று வாங்குங்கள். நியூசிலாந்து மூட்டுப் பதிவேட்டின் தகவல், ஆறாவது மாத ஆக்ஸ்போர்டு மதிப்பெண் குறைவாக இருப்பவர்களுக்கு அடுத்த இரண்டு ஆண்டில் மறு அறுவை தேவைப்படும் வாய்ப்பு அதிகம் என்று 2010இல் காட்டியது. யாரை அழைத்துப் பார்க்க வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லும் தாள் அது.

தாள் திரும்பி வராததுதான் இங்கே பெரிய சிக்கல். 100 பேரில் 40 பேர் மட்டும் பதில் தந்தால் அந்த 40 பேரின் சராசரி உங்கள் துறையின் சராசரி இல்லை. நன்றாக இருப்பவர் மருத்துவமனைப் பக்கமே வராமல் இருக்கலாம், கோபத்தில் இருப்பவர் வேறு மருத்துவரிடம் போயிருக்கலாம். மெடிகேர்கூடக் குறைந்தது பாதிப் பேரின் முழுமையான இரண்டு தாள்களைக் கேட்கிறது. நீங்கள் அதற்கு மேல் குறி வையுங்கள். அதற்கு நான் கண்ட ஒரே வழி: டிஸ்சார்ஜ் நாளிலேயே இரண்டு போன் எண் வாங்குவது, ஒன்று நோயாளியுடையது, மற்றது வீட்டில் நம்பர் மாற்றாத ஒருவருடையது. "ஒரு வருஷம் கழிச்சு நான் போன் பண்ணுவேம்மா, எடுங்க" என்று முகம் பார்த்துச் சொல்லிவிடுங்கள். வாட்ஸ்அப் இணைப்பு இளையவர்களுக்குச் சரி. எழுபதைத் தொட்டவருக்குக் குரல்தான் வேண்டும். பதில் தராதவர்களின் வயது, முந்தைய மதிப்பெண் ஆகியவற்றைத் தந்தவர்களோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பெரிய வேறுபாடு இருந்தால் அறிக்கையின் முதல் பக்கத்திலேயே அதைச் சொல்லிவிடுங்கள்.

கூட்டல் கழித்தல்

ஆக்ஸ்போர்டு: 12 விடைகளையும் கூட்டினால் போதும். ஒன்றோ இரண்டோ விடுபட்டிருந்தால் மற்றவற்றின் சராசரியை அந்த இடத்தில் போடலாம். 11 விடைக்குக் கூட்டுத்தொகை 33 என்றால் சராசரி 3. விடுபட்டதற்கு 3 சேர்த்து 36. இரண்டுக்கு மேல் விடுபட்டால் அந்தத் தாளுக்கு மதிப்பெண் போடாதீர்கள்.

கூஸ்: ஒவ்வொரு பகுதிக்கும் தனியாக. இங்கே ஒவ்வொரு விடைக்கும் 0 என்றால் தொல்லை இல்லை, 4 என்றால் மிக மோசம். விடைகளின் சராசரியை 100ஆல் பெருக்கி, 4ஆல் வகுத்து, 100இலிருந்து கழிக்க வேண்டும். வலிப் பகுதியில் 9 கேள்விக்குக் கூட்டுத்தொகை 18 என்றால் சராசரி 2, மதிப்பெண் 50. ஐந்து பகுதிகளையும் சேர்த்து ஒரே சராசரி போடும் பழக்கம் சிலருக்கு உண்டு. வேண்டாம். ஐந்தாகப் பிரித்ததே ஐந்தாகப் பார்ப்பதற்குத்தான்.

ஈக்யூ-5டியில் ஐந்து கேள்வியில் ஒன்று விடுபட்டாலும் ஒற்றை எண் கிடைக்காது. அங்கேயே, அவர் எழுந்து போவதற்கு முன், தாளை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

எத்தனை புள்ளி உயர்ந்தால் உயர்வு?

ஆக்ஸ்போர்டில் 3 புள்ளி கூடினால் நோயாளிக்கு அது தெரியுமா? தாளை உருவாக்கிய ஆக்ஸ்போர்டு குழுவினர் 2015இல் இதற்குச் சில எல்லைகளைத் தந்தார்கள். தனி ஒருவருக்கு முழங்காலில் சுமார் 7 புள்ளி, இடுப்பில் சுமார் 8 புள்ளி மாறினால்தான் அவரே உணரும் மாற்றம். இரண்டு குழுக்களின் சராசரியை ஒப்பிடும்போது சுமார் 5 புள்ளி. இந்த இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். ஒருவரின் மாற்றத்தை அளக்கும் எல்லை வேறு, இரண்டு குழுக்களுக்கு இடையிலான வேறுபாட்டை அளக்கும் எல்லை வேறு.

ஒப்பிட்டுப் பார்க்க: இங்கிலாந்தில் முழங்கால் மாற்றுக்குப் பிறகு சராசரி உயர்வு 16, 17 புள்ளி அளவில் இருந்திருக்கிறது. இடுப்பில் 21, 22. பத்தில் ஒன்பது பேருக்கு மேல் முழங்கால் மதிப்பெண் உயர்கிறது. ஆனாலும் ஐந்தில் ஒருவர் அளவுக்கு "எனக்குத் திருப்தி இல்லை" என்று சொல்வதைப் பல நாட்டு ஆய்வுகள் கண்டிருக்கின்றன. இரண்டும் ஒரே நேரத்தில் உண்மை. வலி குறைந்திருக்கும், ஆனால் அவர் எதிர்பார்த்தது வேறாக இருந்திருக்கும். அதனால் பிந்தைய தாளின் அடியில் "எதிர்பார்த்தபடி இருக்கிறதா?" என்று ஒரு கேள்வியைத் தனியாகச் சேர்க்கச் சொல்வேன்.

இன்னொன்றும் மனத்தில் இருக்கட்டும். உயர்வு முழுவதும் கத்தியால் வந்தது என்று எண்ண வேண்டாம். வலி உச்சத்தில் இருக்கும்போதுதான் மக்கள் மருத்துவமனைக்கு வருகிறார்கள். அதில் கொஞ்சம் தானாகவே தணியும். இங்கிலாந்தில் 32 மருத்துவமனைகளில் 313 பேரை வைத்து நடந்த தோள்பட்டை ஆய்வு 2018இல் வெளியானது. தோளில் எலும்பைச் செதுக்கி இடம் உண்டாக்கும் அறுவை ஒரு குழுவுக்கு, உள்ளே கேமராவை மட்டும் விட்டுப் பார்த்த போலி அறுவை இன்னொரு குழுவுக்கு, ஒன்றுமே செய்யாமல் கவனித்தது மூன்றாவது குழுவுக்கு. அளந்தது ஆக்ஸ்போர்டு தோள் மதிப்பெண். உண்மை அறுவைக்கும் போலி அறுவைக்கும் சொல்லும்படியான வேறுபாடு இல்லை. எந்தச் சிகிச்சையும் பெறாதவர்களைவிட இரு குழுவும் பெற்ற கூடுதல் உயர்வுகூட நோயாளிக்குப் பொருள்படும் அளவை எட்டவில்லை. எத்தனையோ பேரை ஒரு தேவையற்ற அறுவையிலிருந்து காப்பாற்றக்கூடிய இந்த உண்மை, 12 கேள்வி கொண்ட ஒரு தாளிலிருந்து வந்தது.

ஒருவரோடு ஒருவரை ஒப்பிடும்போது

மூன்று மாதம் முடிந்ததும் யாராவது வந்து, "எந்த டாக்டர் பேஷன்ட்டுக்கு ஸ்கோர் ஜாஸ்தி?" என்று கேட்பார். அவசரப்படாதீர்கள்.

முன்னால் 10 மதிப்பெண்ணோடு வந்தவர் 38 புள்ளி வரை உயர இடம் இருக்கிறது. முன்னால் 34ஓடு வந்தவர் அதிகபட்சம் 14தான் உயர முடியும். ஆக, மோசமான நிலையில் இருப்பவர்களை அதிகம் எடுக்கும் மருத்துவருக்கு 'உயர்வு' அதிகமாகத் தெரியும். ஆனால் அவருடைய நோயாளிகளின் இறுதி மதிப்பெண் குறைவாகத்தான் இருக்கும், ஏனென்றால் தாமதமாக வந்தவர்கள் முழுதாக மேலே ஏறுவதில்லை. உயர்வை மட்டும் பார்த்தால் ஒருவர் ஜெயிப்பார், இறுதி மதிப்பெண்ணை மட்டும் பார்த்தால் மற்றவர் ஜெயிப்பார். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, முந்தைய மதிப்பெண், வயது, பாலினம், மற்ற நோய்கள் ஆகியவற்றுக்குச் சரிக்கட்டிய பிறகே பேச வேண்டும். இந்தக் கணக்குக்கு ஒரு புள்ளியியலாளரை நாடுங்கள். இது தெரியாமல் செய்யும் வேலை இல்லை.

எண்ணிக்கையும் முக்கியம். மதிப்பெண் உயர்வின் பரவல் (திட்ட விலக்கம்) சுமார் 10 புள்ளி என்று வைத்துக்கொண்டால், 20 நோயாளிகளின் சராசரியில் இருபுறமும் 4 புள்ளிக்கு மேல் தடுமாற்றம் இருக்கும். 100 பேர் சேர்ந்தால் அது 2 புள்ளியாகும். 20 பேரை வைத்து ஒரு மருத்துவரைப் பற்றி எதுவும் சொல்வது அவருக்குச் செய்யும் அநீதி. ஒரேயொரு முறை அப்படிப் பட்டியல் போட்டு ஒட்டிவிட்டால், அடுத்த நாளிலிருந்து சிக்கலான நோயாளிகளை யாரும் தொட மாட்டார்கள்.

அதேபோல, மதிப்பெண் நன்றாக இருக்கிறது என்று சொல்லி யாருக்கும் அறுவை சிகிச்சையை மறுக்க இந்தத் தாளைப் பயன்படுத்தக் கூடாது. அந்த முடிவு மருத்துவரும் நோயாளியும் உட்கார்ந்து பேசி எடுப்பது.

செலவுப் பக்கம்

பில் தொகையைச் செலவு என்று எழுதாதீர்கள். பில் என்பது நோயாளி தருவது. செலவு என்பது இம்பிளான்ட், தியேட்டரில் போன நிமிடங்கள், படுக்கை நாட்கள், செவிலியர் நேரம், பிசியோதெரபி, திரும்ப வந்து சேர்ந்தால் அதுவும். நேரத்தை வைத்துக் கணக்கிடும் முறை எளிமையானது. மாதம் 27,000 ரூபாய் சம்பளம் வாங்கும் செவிலியர் 9,000 நிமிடம் வேலை செய்தால் நிமிடத்துக்கு 3 ரூபாய். ஒரு நோயாளிக்கு 40 நிமிடம் என்றால் 120 ரூபாய். ஒவ்வொரு ஆளுக்கும் ஒவ்வொரு அறைக்கும் இப்படிப் போட்டுக் கூட்டுங்கள். நோயாளியின் பஸ் செலவையும், கூட வந்தவர் இழந்த கூலியையும் தனி வரியில் எழுதுங்கள். நம் ஊரில் அது சிறிய தொகை இல்லை.

பிறகு வகுத்தல். ஒரு கற்பனைக் கணக்கு: ஈக்யூ-5டி எண் (1 என்றால் முழு நலம்) 0.45இலிருந்து 0.70 ஆகிறது. அறுவை செய்யாவிட்டால் 0.45லேயே நின்றிருக்கும் என்று கொள்வோம். இந்த 0.25 பத்தாண்டு நீடித்தால் 2.5 நலமான ஆண்டுகள். மொத்தச் செலவு 2,00,000 ரூபாய் என்றால், ஒரு நலமான ஆண்டுக்கு 80,000 ரூபாய். முறையான ஆய்வில் வருங்கால ஆண்டுகளின் மதிப்பைக் கொஞ்சம் குறைத்துக் கணக்கிடுவார்கள், தொடங்குபவருக்கு இது போதும்.

உண்மையான உதாரணம் வேண்டுமென்றால் 2019இல் வெளியான இங்கிலாந்து ஆய்வைச் சொல்லலாம். முழங்காலின் உட்பக்கம் மட்டும் தேய்ந்த 528 பேரில், பாதி மூட்டை மட்டும் மாற்றுவதையும் முழு மூட்டையும் மாற்றுவதையும் ஐந்தாண்டு ஒப்பிட்டார்கள். ஆக்ஸ்போர்டு மதிப்பெண் ஏறக்குறைய சமம். ஆனால் பாதி மாற்றுக்குச் செலவு குறைவு, நலமான ஆண்டுகள் சற்று அதிகம். மேல்பகுதியையும் கீழ்ப்பகுதியையும் ஒன்றாக அளந்ததால்தான் அந்த விடை கிடைத்தது.

முதல் ஆண்டு முடிந்ததும்

சராசரியைப் போட்டு விளக்கப்படம் வரைவதற்கு முன் ஒரு வேலை செய்யுங்கள். மதிப்பெண் 7 புள்ளிகூட உயராதவர்கள், குறைந்துபோனவர்கள் ஆகியோரின் பட்டியலை எடுங்கள். பத்துப் பன்னிரண்டு பேர் இருப்பார்கள். ஒவ்வொருவரையும் போனில் கூப்பிட்டு வரச் சொல்லுங்கள், அன்றைக்குப் பரிசோதனைக்கு பீஸ் வாங்க வேண்டாம் என்று முன்பே பேசி வைத்துக்கொள்ளுங்கள். ஒருவருக்கு இம்பிளான்ட் தளர்ந்திருக்கலாம், ஒருவருக்குக் கிருமித் தொற்று மெல்ல வளர்ந்துகொண்டிருக்கலாம். ஒருவருக்கு வலி முழங்காலிலேயே இருக்காது. இடுப்பு மூட்டிலிருந்தோ கீழ்முதுகு நரம்பிலிருந்தோ இறங்கி வந்திருக்கும், முழங்கால் எக்ஸ்ரேவை மட்டும் பார்த்துக்கொண்டிருந்த நம் கண்ணில் அது பட்டிருக்காது. ஒருவர் பிசியோதெரபிக்கு வரப் பஸ் வசதி இல்லாமல் மூன்றாவது வாரமே நிறுத்தியிருப்பார். அவர்கள் சொல்வதை அவரவர் தாளின் பின்பக்கத்திலேயே, அவர்கள் சொன்ன வார்த்தையில் எழுதுங்கள். துறைக் கூட்டத்துக்குப் போகும்போது முதலில் அந்தப் பின்பக்கங்களை வாசியுங்கள், சராசரி அப்புறம்.